வாசல் விடாத வயல்

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பதின்மூன்று வயதில் பினாங்குத் துறைமுகத்தில் அப்பாவோடு மூட்டை தூக்கப் போனவன். அங்கே கிட்டங்கியில் செத்தவன் நடக்கிறான், மாடிப்படியில் பெண் அழுகிறாள் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் அந்தக் கிட்டங்கியிலேயே சாக்கை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டவன். அப்புறம் லாரியில் உதவியாள், அப்புறம் டிரைவர், அப்புறம் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியிடம் நெல் அறுக்கும் மெசின் ஓட்டினேன், அவர் தொழிலை விட்டபோது அந்த ஓட்டை மெசினை நானே வாங்கினேன். இன்றைக்கு என்னிடம் மூன்று மெசின் இருக்கிறது. பாலிக் புலாவில் இறங்கி ‘அண்ணே மெசின்’ என்று கேட்டுப் பாருங்கள், மலாய்க்காரப் பிள்ளைகூட என் வீட்டுக்கு வழி சொல்லும். படித்தவன் யாரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பயந்து பேசுகிற ஆள் இல்லை, குடித்துவிட்டு உளறுகிற ஆளும் இல்லை என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். நம்ப முடியாதவர்கள் நம்பவேண்டாம், எனக்கு ஒன்றும் குறையாது.

நடந்தது ராத்திரியில்கூட இல்லை. மண்டையைப் பிளக்கிற பகல் வெயிலில்.

என் தங்கை லெட்சுமியின் புருஷன் சங்கரன் என்னோடு மெசினுக்கு வருகிற ஆள். நான் மேலே உட்கார்ந்து ஓட்டுவேன், அவன் கீழே வரப்பில் நடந்து கல், முளைக்குச்சி, இரும்புத் துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துக் கை காட்டுவான். நல்ல பையன், வாய்தான் நீளம், ராத்திரியில் கொஞ்சம் குடிப்பான். அவனுக்கு ஒரே ஒரு சங்கடம், நெல்லின் சுணை ஆகாது. நெல்மணியின் மேல் கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி மாதிரி இருக்குமே, அதுதான் சுணை. அறுக்கும்போது காற்றில் பறந்து மேலெல்லாம் ஒட்டும். எல்லோருக்கும் கொஞ்சம் அரிக்கும், சங்கரனுக்கோ கையெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். அறுவடை முடிந்து வீட்டுக்குப் போனால் தேங்காய் எண்ணெய் போத்தலோடு உட்கார்ந்துவிடுவான். லெட்சுமி கத்துவாள், “அண்ணே, இவரை வேற வேலைக்கு அனுப்பக் கூடாதா? ராத்திரியெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு என் தூக்கமும் போகுது.” அதனாலேயே அவன் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு, கழுத்தில் துண்டு சுற்றி, தலையில் பெயிண்ட் கடைக்காரன் சும்மா கொடுத்த சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டுதான் நிற்பான்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால், பாலிக் புலாவில் கடலோரமாக நாலு ரெலோங், அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான, வயல் ஒன்றை அறுக்கப் போனோம். வயலுக்கு ஒரு பக்கம் சாலை, மறு பக்கம் சதுப்புக் காடு, அதற்கப்பால் கடல். வயல் மக் சிக் ரொக்கியா என்று எல்லோரும் கூப்பிடுகிற மலாய்க்கார அம்மாவுடையது. புருஷன் செத்த பிறகு அதுதான் முதல் அறுவடை. அந்த அம்மா காலையிலேயே பாஜு கூரோங் உடுத்தி, யார் வீட்டுக் கல்யாண விருந்துக்கோ புறப்பட்டு நின்றது. போகிற போக்கில் என்னிடம் மலாயில் சொன்னது, “அண்ணே, வாசல் விட மறந்துவிடாதே. என் வீட்டுக்காரர் எப்போதும் விடச் சொல்வார்.”

வாசல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மெசின்காரன் வயலை வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டு போவான். நெல் குறையக் குறைய வயலில் இருக்கிற எலி, பாம்பு, உடும்பு, கோழிக்குஞ்சு மாதிரி ஓடுமே அந்தத் தண்ணீர்க்கோழி, எல்லாம் நடுவில் நிற்கிற நெல்லுக்குள் ஒதுங்கும். பழைய ஓட்டுநர்கள் நாலு பக்கத்தையும் அடைக்க மாட்டார்கள். நடுவிலிருந்து காடு வரைக்கும் ஒரு பாதை அகலத்துக்கு நெல்லை அறுக்காமல் நிற்க வைப்பார்கள், அதன் வழியாக உள்ளே இருப்பது எல்லாம் மறைவாகப் போய்விடும், கடைசியில்தான் அதை அறுப்பார்கள். அதுதான் வாசல். ஒவ்வொரு சுற்றிலும் அதற்காக மெசினை நிறுத்தி முன்பல்லைத் தூக்கித் திருப்பவேண்டும், நேரம் பிடிக்கும். நான் எலிக்குப் பாதை போட்டா முன்னுக்கு வந்தேன்? “மக் சிக், என் மெசினுக்கு வாசலும் வேண்டாம் ஜன்னலும் வேண்டாம், நீங்கள் வருவதற்குள் ஒரு கதிர் நிற்காது” என்று சொல்லிச் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

சாயங்காலம் மழை வரும் என்றார்கள், அதற்குள் இன்னொரு வயலும் முடிக்கவேண்டும். பனி காய்ந்ததும் இறங்கினேன். நாலு பக்கமும் அடைத்துச் சுற்றினேன். வழக்கம்போல வெள்ளைக் கொக்குகள் தவளை பொறுக்க மெசினுக்குப் பின்னாலேயே வந்தன. பன்னிரண்டரை இருக்கும், நடுவில் ஒரு பூப்பந்து மைதானம் அளவுக்கு நெல் நின்றது. சங்கரன் வரப்பிலிருந்து ஏதோ சைகை காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் போனதைப் பார்த்தேன். டீக்கு என்று தெரியும்.

அடுத்த திருப்பத்தில் பார்க்கிறேன், நெல்லுக்குள் சிவப்புத் தொப்பி.

கதிர் உயரத்தில் தொப்பி மட்டும் தெரிகிறது. உள்ளே ஒரு ஆள் குத்துக்காலிட்டு நகர்கிற மாதிரி, மெசின் இந்தப் பக்கம் வந்தால் அது அந்தப் பக்கம் போகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. அந்த மெசினின் முன்பல் என்ன செய்யும் என்று எனக்குத்தான் தெரியும், ஒருமுறை நெல்லுக்குள் படுத்திருந்த ஆட்டுக்கிடா ஒன்று மாட்டி, இரண்டு நாள் என்னால் கறி தின்ன முடியவில்லை. மெசினை நிறுத்தி ஹாரன் அடித்தேன், கத்தினேன். தொப்பி நின்றது. எழுந்திருக்கவில்லை. விளையாட்டுக் காட்டுகிறான் என்று கோபத்தோடு போன் போட்டேன்.

“மாப்ள, சாகணும்னா வேற எடம் பாரு! என் மெசின் முன்னால என்னாடா வெளையாட்டு?”

“மச்சான், நான் கடையில இருக்கேன் லா. உங்களுக்கு தே தாரிக் பொங்குஸ் கட்டிட்டு இருக்காங்க. சக்கரை கொறைச்சலாதானே?” என்கிறான். பின்னால் டீ ஆற்றுகிற சத்தமும் யாரோ மலாயில் ரொட்டி கேட்கிற சத்தமும் தெளிவாகக் கேட்கிறது. நான் தொப்பியைப் பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைத்திருக்கிறேன்.

பத்து நிமிடத்தில் வந்தான். தலையில் அவனுடைய தொப்பி. விரலில் டீ பிளாஸ்டிக் பை தொங்குகிறது. நான் கை காட்டினேன். பார்த்தவன் முதலில் சிரித்தான்.

“யாரு மச்சான் அது, என் தொப்பியவே போட்டுக்கிட்டு? அந்தப் பெயிண்ட் கடைக்காரன் ஊரு பூரா குடுத்திருக்கான் போல. மீன் பிடிக்க வந்தவன் எவனாச்சும் உள்ள படுத்திருப்பான்.”

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்க மாட்டேன். மெசினை விட்டு நான் இறங்கவில்லை. “போயி அவன் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளு மாப்ள, நேரம் ஆவுது” என்றேன். நான்தான் அனுப்பினேன்.

டீப் பையோடேயே போனான். இடுப்பு அளவு நெல்லில் இறங்கித் தொப்பியை நோக்கி நடந்தான். கிட்டே போய், “ஹலோ பிரதர்” என்று சொல்லிக்கொண்டே குனிந்தான். இப்போது கதிர் உயரத்தில் இரண்டு சிவப்புத் தொப்பி, ஒன்றுக்கொன்று எதிரில். அந்த நேரம் பின்னால் நின்ற கொக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பிக் கடல் பக்கமாகப் போய்விட்டன. நெல் ஆடவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு ஆள் எழுந்தான். போன பக்கம் இல்லை, அந்தப் பக்கமாக வெளியே வந்து, வெட்டிய நெல்தாளின் மேல் நடந்து, சுற்றிக்கொண்டு மெசினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சங்கரன்தான். அதே முகம், அதே தொப்பி.

“யாரும் இல்ல மச்சான். அறுங்க.”

“அந்தத் தொப்பிக்காரன்?”

“யாரும் இல்ல. அறுங்க.”

“டீ எங்கடா?”

“எந்த டீ?”

நான் அவனை மேலிருந்து கீழே பார்த்தேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தான். சுணைக்குப் பயந்து பொத்தானைக்கூடக் கழற்றாதவன். கையில் ஒரு தூசி கிடையாது, உமி கிடையாது. சேற்றில் நடந்த பூட்ஸ், இப்போதுதான் கடையில் வாங்கினதுபோல இருக்கிறது.

“போன் எங்க மாப்ள?” என்றேன். இரண்டு மாதம் முன்னால் வாங்கின போன், தூசி படக்கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன் மேல் இன்னொரு உறை போட்டு வைத்திருப்பான், எங்களைத் தொடவிட மாட்டான்.

“உள்ள விழுந்துருச்சு. பரவால்ல, அறுங்க மச்சான்.”

என் கை தானாகப் போனை எடுத்து அவன் நம்பரைப் போட்டது. நெல்லுக்குள் மணி அடித்தது. முருகன் பாட்டு, அவன் வைத்திருந்த அதே பாட்டு. அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று முறை, நாலு முறை அடித்தது. பாட்டு நின்றது. என் போனில் எடுத்த சத்தம் கேட்டது.

“மச்சான்… எந்தப் பக்கம் வர்றது? எல்லாப் பக்கமும் அறுத்துட்டீங்களே. வழியே இல்ல மச்சான்.”

சங்கரனுடைய குரல். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். எதிரில் நிற்கிறவன் வாய் மூடியிருந்தது. அது மூடியிருந்தது என்பதை எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். பேச்சு முடிந்ததும் அவன் வாய் திறந்தது.

“அறுங்க மச்சான்.”

மூட்டை தூக்கியவன், மூன்று மெசின் வைத்திருக்கிறவன், அந்த இருக்கையிலேயே கால்சட்டையை நனைத்துக்கொண்டேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் பொய் ஆகிவிடும். என் கை பக்கத்தில்தான் கியர். ஒரு தள்ளு தள்ளினால் இரண்டு நிமிடத்தில் அந்த நெல் தீர்ந்துவிடும். உள்ளே என் தங்கை புருஷன் இருக்கிறானா, வெளியே நிற்பவன் என் தங்கை புருஷனா? இஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அவனைச் சுற்றிக்கொண்டு போய் நெல்லுக்குள் நுழைந்தேன்.

ஒரு கதிர் விடாமல் விலக்கிப் பார்த்தேன். ஆள் இல்லை. நடுவில் ஒருவன் குத்துக்காலிட்டிருந்த அளவுக்கு நெல் அமுங்கியிருந்தது. அங்கே போன், இரண்டு பிளாஸ்டிக் உறையோடு மல்லாந்து கிடந்தது, என் அழைப்பின் விநாடி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டீப் பை இல்லை, சிந்தின ஈரமும் இல்லை. “மாப்ள” என்று கூப்பிட்டேன். என் குரலே என் கையில் இருந்த போனில் திரும்பக் கேட்டது, சரி, அது இயற்கை. அதற்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது நான் இல்லை.

அந்த நெல்லை நான் அறுக்கவில்லை. என் தொழிலில் முதல்முறையாகக் கதிர் நிற்க ஒரு வயலை விட்டுக் கிளம்பினேன். மெசினை லாரியில் ஏற்றப் போகும்போது மக் சிக் விருந்திலிருந்து திரும்பி வந்து நடுவில் நின்ற நெல்லைப் பார்த்தது, மெசினோரம் நின்ற சங்கரனைப் பார்த்தது, அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நாலு பக்கமும் அடைத்துவிட்டாயா?” என்றது. ஆமாம் என்றேன். இனி என்ன செய்வது என்று கேட்டேன். “அறுத்துவிட்ட பிறகு இனி எங்கே வாசல் வைப்பது? அடுத்த நெல் முளைத்து வரட்டும்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டது. நடுவில் நின்றதை உள்ளங்கையில் மறைகிற சின்னக் கத்தியால் அந்த அம்மாவே கதிர் கதிராக அறுத்து முடித்தது. எதுவும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு அவனை லாரியில் பக்கத்தில் உட்கார வைத்து ஆயர் ஈத்தாமில் இருக்கிற தங்கை வீட்டில் விட்டேன். வேறு என்ன செய்வேன்? போலீசில் போய் என்ன சொல்வேன்?

அடுத்த வாரமே லெட்சுமி சந்தோஷமாகப் போன் செய்தாள். “அண்ணே, என்னா மருந்து குடுத்தீங்க? இவருக்கு அரிப்பே இல்ல! எண்ணெ போத்தல் அப்படியே இருக்கு.” இரண்டு வருடம் அவன் என்னோடு எல்லா வயலுக்கும் வந்தான், கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நெல் தூசிக்கு நடுவில் நின்றான். ஒருமுறைகூடச் சொறியவில்லை. குடிப்பது நின்றது, வாய் நின்றது, சொன்ன வேலையைச் செய்தான். “இப்பதான் மனுஷன் ஆயிருக்காரு” என்று தங்கை பெருமைப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவனும் நான் பார்ப்பதைப் பார்ப்பான். மக் சிக் வயலுக்கு மட்டும் வரமாட்டான். அந்த நாளில் காய்ச்சல் என்பான்.

அந்த வயலில் ஒவ்வொரு பருவமும் நானே போய் வாசல் விட்டேன். நடுவிலிருந்து சதுப்புக் காடு வரை ஒரு பாதை நெல். பன்னிரண்டரைக்கு மெசினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். என் மற்ற ஓட்டுநர்கள் கிழவனுக்கு வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள், பேசட்டும். மூன்று பருவம் ஒன்றும் இல்லை.

போன பருவம் நாலாவது. உட்கார்ந்திருக்கிறேன், கொக்குகள் எழும்பிப் போயின. நடுவில் நெல் அசைந்தது. அசைவு வாசலுக்கு வந்தது. நான் ஸ்டீயரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன், பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. கதிர் உரசுகிற சத்தம் என்னைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போயிற்று. நிமிர்ந்தபோது வாசல் நெல்லில் ஒரு தடம் இருந்தது, கதிர்கள் எல்லாம் காட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் இன்னொரு தடம். அதில் கதிர்கள் உள்பக்கம் சாய்ந்திருந்தன.

போன் அடித்தது. லெட்சுமி.

“அண்ணே, இவரு உங்ககூடவா வந்தாரு? காய்ச்சல்னு வீட்டுலதானே படுத்திருந்தாரு! இப்ப தண்ணி குடிக்கப் பின்பக்கம் போனவரு முன்வாசல் வழியா வர்றாரு, கையெல்லாம் ரத்தம் வர்ற மாதிரி சொறியிறாரு. மறுபடியும் அந்தச் சுணை! எங்க போயி ஒட்டிக்கிட்டு வந்தாருன்னே தெரியல.”

எப்படி ஆயர் ஈத்தாம் வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. சமையல்கட்டில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டைக் கை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு, கழுத்தில் துண்டு. தலைமுடியில் உமி. பக்கத்தில் எண்ணெய் போத்தல். என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தான்.

“மச்சான், கோவிச்சுக்காதீங்க. உங்க டீய எங்கயோ கீழ போட்டுட்டேன் போல. வாங்க, வேற வாங்கித் தர்றேன்.”

“எந்த டீ?” என்றாள் லெட்சுமி.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று இரண்டு பேருக்கும் இன்றுவரை சொல்லவில்லை. அவன் இப்போது பழையபடி குடிக்கிறான், வாய் காட்டுகிறான், சொறிகிறான், தங்கை பழையபடி கத்துகிறாள். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிக் கேட்டால் அவனுக்கு எதுவும் சரியாக நினைவில்லை.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்த வீட்டின் பின்கதவைப் பூட்டக் கூடாது என்று தங்கையிடம் சொல்லி வைத்திருந்தேன். காரணம் சொல்லவில்லை. இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தது இன்னும் போகாமல் இருந்தால், வெளியே போக அதற்கும் ஒரு வழி இருக்கட்டும் என்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லெட்சுமி சாதாரணமாகச் சொன்னாள்.

“அண்ணே, நீங்க சொன்னீங்கன்னு நான் தெறந்துதான் வைக்கிறேன். காலையில பாத்தா உள்பக்கம் தாப்பாள் போட்டிருக்கு. இவரக் கேட்டா, நான் தொடவே இல்லங்கிறாரு.”